ரோட்டில் அடிபட்டாலும் வேலைக்காயம்தான்

கேள்வி: என் கணவருக்கு 34 வயது. பள்ளிகொண்டாவில் குடியிருக்கிறோம். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில், கிளிக்கிங் செக்‌ஷனில் தோல் வெட்டுகிறார். சம்பளம் 14,500 ரூபாய், இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள். 2025 செப்டம்பர் 24 அன்று காலை ஷிஃப்டுக்கு பைக்கில் போகும்போது மாதனூர் அருகே லாரி மோதிவிட்டது. வலது மணிக்கட்டு உடைந்து பிளேட் வைத்திருக்கிறார்கள். மூன்று மாதம் தாண்டியும் விரல்களை முழுதாக மடக்க முடியவில்லை. அன்று ஹெல்மெட் போடவில்லை. “ரோட்டில் நடந்ததற்கு நாங்கள் பொறுப்பில்லை, உடம்பு சரியில்லை என்று லீவு எழுதிக் கொடு” என்கிறது கம்பெனி. லாரி ஓனர் தரப்பில் 40,000 ரூபாய் தருகிறோம், கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள். யாரிடம் என்ன கேட்கலாம்? – ஒரு வாசகி

பதில்: சகோதரி, அந்த லீவு லெட்டரையும் எழுத வேண்டாம், 40,000 ரூபாய்க் காகிதத்திலும் கையெழுத்து வேண்டாம். மற்றதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

லீவு லெட்டரில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றும். பணமே அதில்தான் இருக்கிறது. “உடம்பு சரியில்லை” என்று எழுதினால் இ.எஸ்.ஐ. கணக்கில் அது நோய்க்கால உதவி. சம்பளத்தில் 70 சதவீதம், அதுவும் வருஷத்துக்கு 91 நாள்தான். அதையே வேலைக்காயம் என்று பதிந்தால் 90 சதவீதம். கை தேறி வேலைக்குப் போகும் வரை நாள் கணக்குக் கிடையாது. உங்கள் கணவர் சம்பளத்துக்கு முன்னது மாதம் சுமார் 10,150, பின்னது சுமார் 13,050. விரல் கடைசிவரை சரியாகாமல் போனால், ஊனத்தின் அளவுக்கேற்ப ஆயுள் முழுக்க மாதாமாதம் பணம் வரும். அந்த உதவி வேலைக்காயத்துக்கு மட்டும்தான் உண்டு, நோய்க்கு இல்லை.

சரி, ரோட்டில் நடந்தது எப்படி வேலைக்காயம் ஆகும்? இ.எஸ்.ஐ. சட்டத்தில் 2010இல் சேர்த்த 51இ பிரிவு, வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதும் வேலை முடிந்து திரும்பும்போதும் நடக்கும் விபத்தை வேலைக்காயமாகவே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. நேரம், இடம், சூழ்நிலை மூன்றும் வேலையோடு பொருந்த வேண்டும், அவ்வளவுதான். அதிகாலை 3 மணி ஷிஃப்டுக்குக் கிளம்பி வழியில் விபத்தில் இறந்த ஒரு சர்க்கரை ஆலைக் காவலாளியின் வழக்கு, 2003இல் நடந்தது. அதில் 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தக் குடும்பத்தின் பக்கம்தான் தீர்ப்பளித்தது. ஆகவே கம்பெனி சொல்வது பழைய பேச்சு. (2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது. அதிலும் வேலைக்குப் போகிற வழி விபத்துக்கு இடம் உண்டு. உங்களுடையது அதற்கு முந்தைய விபத்து என்பதால் பழைய சட்டத்தின் பெயரிலேயே பேசுகிறேன்.)

பள்ளிகொண்டாவிலிருந்து ஆம்பூருக்கு மாதனூர் நேர்வழி. ஷிஃப்ட் நேரமும் ஒத்துப்போகிறது. அன்றைய ஷிஃப்ட் பட்டியல், அதற்கு முந்தைய நாட்களின் பஞ்ச் பதிவு, அடையாள அட்டை, இவை போதும். குடியாத்தத்தில் கல்யாணத்துக்குப் போய்விட்டு அங்கிருந்து வேறு வழியாக வந்திருந்தால்தான் பேச்சு வேறாகியிருக்கும்.

கம்பெனி இ.எஸ்.ஐ.க்கு விபத்து அறிக்கை அனுப்ப வேண்டும். படிவம் 12 என்று கேளுங்கள். அனுப்பாவிட்டால் நீங்களே கிளை அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம். இதில் பலர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு: வெளியே எங்கே வைத்தியம் பார்த்திருந்தாலும், வேலைக்குப் போக முடியாது என்பதற்கு இ.எஸ்.ஐ. மருத்துவரின் சான்று இல்லாமல் பணம் நகராது. டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துக்கொண்டு இந்த வாரமே இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போங்கள்.

அடுத்தது லாரி. இ.எஸ்.ஐ. பணம் வாங்கினால் அதே காயத்துக்கு முதலாளியிடம் தனியாக இழப்பீடு கேட்க முடியாது. 53ஆம் பிரிவு தடுக்கிறது. அந்தத் தடை முதலாளிக்கும் அவருடைய ஆட்களுக்கும்தான். மோதியது வேறொருவர் லாரி என்றால், லாரி ஓனர் மீதும் இன்ஷூரன்ஸ் கம்பெனி மீதும் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் நீங்கள் தாராளமாக வழக்குப் போடலாம். விபத்து நடந்தது திருப்பத்தூர் மாவட்டம், வீடு வேலூர் மாவட்டம். 2019இல் மாவட்டம் மூன்றானதிலிருந்து எங்கே போவது என்று இந்தக் குழப்பத்தோடு வருகிறவர்கள் நிறைய. குடியிருக்கும் இடத்திலும் போடலாம் என்று சட்டமே சொல்கிறது. வேலூர் சத்துவாச்சாரி கோர்ட்டுக்கு வந்தால் போதும், திருப்பத்தூருக்கு அலைய வேண்டாம்.

கெடு 6 மாதம். உங்களுக்கு மார்ச் 20ஐத் தாண்ட விடாதீர்கள். கெடு தாண்டியது என்பதற்காக மனுக்களைத் தள்ள வேண்டாம் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்காலமாகச் சொல்லியிருக்கிறது. அதை நம்பி உட்கார்ந்திருப்பது புத்திசாலித்தனம் இல்லை.

எஃப்.ஐ.ஆர். நகலோடு ஏ.ஆர். காப்பியையும் வாங்குங்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் டியூட்டி டாக்டர் எழுதுகிற விபத்துப் பதிவேடு அது. அதில் ஒரே ஒரு வரியில் எப்படி அடிபட்டது என்று இருக்கும். என்னிடம் வந்த ஒரு வழக்கில் அந்த வரி “பைக்கில் இருந்து தவறி விழுந்ததாக” என்று இருந்தது. கூட வந்தவர் பதற்றத்தில் சொன்னது. வேன் மோதியதை நிரூபிக்க நாங்கள் சாட்சிகளைத் தேடி அலைந்து, கடைசியில் இன்ஷூரன்ஸ் தரப்பு அந்த வரியைக் காட்டியே தொகையைக் குறைக்க வைத்தது. உங்கள் காப்பியில் “லாரி மோதி” என்று இருக்கிறதா, தேதியும் நேரமும் எஃப்.ஐ.ஆரோடு ஒத்துப்போகிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இல்லையென்றால் அதைச் சரிக்கட்ட வக்கீலுக்கு நேரம் வேண்டும்.

எவ்வளவு வரும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. சம்பளம் 14,500. 40 வயதுக்குக் கீழே என்பதால் எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் 20,300. வருஷத்துக்கு 2,43,600. 31 முதல் 35 வயதுக்கு 16ஆல் பெருக்க வேண்டும், 38,97,600 ஆகிறது. வேலைத்திறன் இழப்பு எத்தனை சதவீதமோ அந்தப் பங்கு உங்களுக்கு. 20 சதவீதம் என்றால் 7,79,520. 40 சதவீதம் என்றால் 15,59,040. வேலைக்குப் போகாத மாதங்களின் சம்பளம், கையிலிருந்து செய்த செலவு, வலிக்கும் வேதனைக்கும் தருவது எல்லாம் இதற்கு மேலே.

ஆகவே சண்டையே அந்தச் சதவீதத்தில்தான். மருத்துவ வாரியம் “வலது கையில் இத்தனை சதவீதம் ஊனம்” என்று சான்று தரும். அது கையின் அளவு, சம்பாத்தியத்தின் அளவு இல்லை. இரண்டும் வேறு என்று 2010இல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கமாகச் சொல்லிவிட்டது. கிளிக்கிங் மெஷினில் டையை (தோலை வெட்டும் அச்சு) தோல் மேல் பொருத்தி வைப்பதும் எடுப்பதும் விரல் வேலை. கணக்கு எழுதுகிறவருக்கு ஒருவேளை சிறிதாக இருக்கும் ஊனம், உங்கள் கணவருக்குத் தொழிலையே எடுத்துவிடும். சாட்சிக் கூண்டில் அவர் அந்த வேலையை எப்படிச் செய்வார் என்று கையால் காட்டிச் சொல்லட்டும். கூட வேலை செய்கிற ஒருவரையும் சாட்சிக்கு அழைக்கலாம்.

ஹெல்மெட் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். போடாதது தவறுதான், அபராதம் உண்டு. ஆனால் உடைந்தது மணிக்கட்டு. ஒரே பைக்கில் மூன்று பேர் போனதை மட்டும் வைத்துத் தொகையைக் குறைக்க முடியாது, அது விபத்துக்கோ காயத்துக்கோ காரணமாக இருந்திருக்க வேண்டும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே தர்க்கம் இங்கேயும் செல்லும்.

இப்போது அந்த 40,000 ரூபாயை மேலே உள்ள கணக்கோடு வைத்துப் பாருங்கள். வண்டி எண்ணை எம்பரிவாஹன் செயலியில் போட்டால் இன்ஷூரன்ஸ் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இருந்தால் பணம் ஓனர் பாக்கெட்டிலிருந்து வரப்போவதில்லை, அவரிடம் பேரம் பேசவும் தேவையில்லை.

இ.எஸ்.ஐ. இல்லாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. செங்கல் சூளையிலோ சின்னப் பட்டறையிலோ அடிபட்டால் ஊழியர் இழப்பீட்டின் கீழ் தொழிலாளர் துறை ஆணையரிடம் போகலாம், 2 வருஷத்துக்குள். உதாரணமாக, 30 வயதுக்காரர் மாதம் 15,000 வாங்கி, பிரஸ் மெஷினில் கட்டை விரல் போனால்: 15,000இல் 60 சதவீதம் 9,000. அதை அந்த வயதுக்கான 207.98ஆல் பெருக்கினால் 18,71,820. கட்டை விரலுக்கு அட்டவணைப்படி 30 சதவீதம், 5,61,546 ரூபாய். வெற்று வவுச்சரில் கையெழுத்து வாங்கி 50,000 கொடுத்து அனுப்பினாலும் உரிமை போய்விடாது; சட்டப்படி அந்தக் கையெழுத்து செல்லாது. ஒன்று மட்டும்: சாலை விபத்தில் இந்த வழியும் தீர்ப்பாய வழியும் இரண்டும் திறந்திருந்தால் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

வக்கீல் செலவுக்குப் பயப்படாதீர்கள். தொழிற்சாலைத் தொழிலாளிக்கு வருமான வரம்பு பார்க்காமலே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். ஆஸ்பத்திரி வராந்தாவில் விசிட்டிங் கார்டு நீட்டி “வருவதில் பாதி” என்று பேசுகிறவர்களை நம்ப வேண்டாம்.

கம்பெனிக்கு எழுத வேண்டிய கடிதம் ஆறு வரிதான்: பெயர், இ.எஸ்.ஐ. எண், விபத்து நடந்த தேதி, நேரம், இடம், எந்த ஷிஃப்டுக்குப் போனார் என்பது, படிவம் 12 அனுப்பக் கேட்டு ஒரு வரி. கணவரால் வலது கையால் கையெழுத்துப் போட முடியாவிட்டால் இடது பெருவிரல் ரேகை வைத்து, இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போடட்டும். ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, ரசீதை ஏ.ஆர். காப்பியோடு சேர்த்துக் குத்தி வையுங்கள்.