வெளிநாட்டிலிருந்து மூத்த கூடைப்பந்து கார்டு: கொண்டுவரலாம், ஆனால் எந்த வேலைக்கு?

கேள்வி: "எங்கள் என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) அணியிலிருந்து இந்தக் கோடையில் இரண்டு கார்டுகள் (பந்தைக் கையாளும் வெளிவட்ட ஆட்டக்காரர்கள்) விலகிவிட்டார்கள். ஐரோப்பாவின் உச்ச கிளப் போட்டியான யூரோலீக்கில் பல ஆண்டுகள் ஆடிய, முப்பது வயதைத் தாண்டிய ஒரு பாயின்ட் கார்டை (ஆட்டத்தை நடத்தும் கார்டை) அவர்கள் இடத்துக்குக் கொண்டுவரப் பேசுகிறார்கள். இது தேறுமா?"

தேறலாம். ஆனால் 'அவர்கள் இடத்துக்கு' என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது. ஒரு கார்டு விலகும்போது ஒரு வேலை காலியாவதில்லை, மூன்று வேலை காலியாகிறது. பந்தைப் பத்திரமாக எதிரணிப் பக்கம் கொண்டுபோய் ஆட்டத்தைத் தொடங்கிவைப்பது ஒன்று. எதிரணியின் வேகமான கார்டை மறித்து நிற்பது இன்னொன்று. கடைசி ஐந்து நிமிடத்தில் புள்ளி எடுப்பது மூன்றாவது. ஐரோப்பாவிலிருந்து வரும் மூத்தவர் முதல் வேலையைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வார். மற்ற இரண்டையும் சேர்த்து அவர் தலையில் கட்டிய அணிகள் பெரும்பாலும் கையைச் சுட்டுக்கொண்டன.

எனக்குப் பிடித்த உதாரணம் 2012-இன் நியூயார்க் நிக்ஸ். அந்தக் கோடையில் அதன் கார்டு ஜெரமி லினுக்கு ஹூஸ்டன் ராக்கெட்ஸ் மூன்றாண்டுகளுக்குச் சுமார் 2.5 கோடி டாலர் தர முன்வந்தது. நிக்ஸ் அதற்கு ஈடுகொடுக்காமல் அவரை விட்டுவிட்டது. இன்னொரு கார்டான பேரன் டேவிஸோ பருவ முடிவின் வெளியேற்றுச் சுற்றான பிளேஆஃபில் முழங்கால் உடைந்து முடங்கியிருந்தார். கார்டு வரிசையே காலி. நிக்ஸ் ரேமண்ட் ஃபெல்டனையும் 39 வயது ஜேசன் கிட்டையும் கொண்டுவந்தது. மூன்றாவதாக வந்தவர்தான் அர்ஜென்டினாவின் பாப்லோ பிரிஜியோனி. ஸ்பெயினில் பல ஆண்டுகள் ஆடியவர், 2008 ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற அணியில் இருந்தவர். வயது 35. என்பிஏ வரலாற்றிலேயே மிக மூத்த 'புதுமுகம்'. கேலி செய்தவர்களில் நானும் ஒருவன்.

அந்தப் பருவத்தில் அவர் எடுத்தது ஆட்டத்துக்கு மூன்றரைப் புள்ளி. களத்தில் நின்றது சுமார் பதினாறு நிமிடம். காகிதத்தில் பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஆனால் நான் கல்லூரி அணியில் பாயின்ட் கார்டாக ஆடியவன். அவர் செய்த ஒரு காரியம் எனக்கு உடனே உறைத்தது. எதிரணி கூடை போட்டதும் நம் ஆள் எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று பந்தைத் தருவான் அல்லவா, அந்த ஒரு நொடி கார்டுக்கு ஓய்வு. முதுகைக் காட்டிக்கொண்டு, மூச்சு வாங்கியபடி, அரைகுறையாகக் கையை நீட்டி வாங்கிக்கொள்வோம். எல்லாரும் திரும்பி ஓடிப்போயிருப்பார்கள், யார் வரப்போகிறார்கள் என்ற நினைப்பு. பிரிஜியோனி ஓடமாட்டார். ஓடுவதுபோல் இரண்டடி வைத்து, அந்தக் கார்டின் முதுகுக்குப் பின்னால் பூனைபோல் பதுங்கியிருந்து, பந்து கையில் சேருவதற்குள் தட்டிப் பறித்துவிடுவார். அதற்குக் கால் வேகம் வேண்டியதில்லை. எதிராளி எப்போது அசந்துபோவான் என்று தெரிந்தால் போதும்.

அந்த ஆண்டு நிக்ஸ் 54 ஆட்டங்களில் வென்றது. 2000-க்குப் பிறகு முதல்முறையாக ஒரு பிளேஆஃப் தொடரையும் பாஸ்டனிடமிருந்து வென்றெடுத்தது. பிரிஜியோனியால்தான் வென்றது என்று சொன்னால் அணியின் நட்சத்திரம் கார்மெலோ ஆந்தனியின் ரசிகர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். ஆனால் பருவத்தின் கடைசிக் கட்டத்தில் அவர் தொடக்க ஐவரில் இடம்பிடித்திருந்தார். அடுத்த கோடையில் மூன்றாண்டு ஒப்பந்தமும் கிடைத்தது.

இப்போது மறுபக்கம். 2017 கோடையில் லாஸ் ஏஞ்சலிஸ் கிளிப்பர்ஸிலிருந்து கிறிஸ் பால் ஹூஸ்டனுக்குப் போனார், ஜே.ஜே. ரெடிக் பிலடெல்பியாவுக்குப் போனார். ஜமால் கிராஃபோர்டும் ஃபெல்டனும்கூட விலகினார்கள். ஒரே கோடையில் நான்கு கார்டுகள். கிளிப்பர்ஸ் கண்ணில் பட்டவர் செர்பியாவின் மிலோஷ் தியோடோசிச். வயது 30, 2010-இல் யூரோலீக்கின் மிகச் சிறந்த வீரர் விருது, 2016-இல் சிஎஸ்கேஏ மாஸ்கோவுடன் கோப்பை. பந்தைப் பார்க்காமலே பாஸ் கொடுப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. இரண்டாண்டுக்கு 1.23 கோடி டாலர். எனக்கும் தலைகால் புரியவில்லை, அதிகாலையில் எழுந்து உட்கார்ந்து பார்த்தேன்.

இரண்டாவது ஆட்டத்திலேயே இடது பாதத்தில் காயம். 22 ஆட்டங்கள் போயின. மொத்தப் பருவத்தில் 45 ஆட்டங்கள்தான் ஆடினார். ஆடிய நாட்களில் ஆட்டத்துக்கு 9.5 புள்ளி, 4.6 அசிஸ்ட் (கூடையில் முடியும் பாஸ்), மோசமில்லை. ஆனால் அவர் மறிக்க வேண்டிய ஆள் அவரைக் கடந்து போவதைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. அணி 42 வெற்றி, 40 தோல்வி என்று முடித்து பிளேஆஃபுக்கு வெளியே நின்றது. 2019 பிப்ரவரியில் அவரை விடுவித்தார்கள். அவர் இத்தாலியின் விர்த்துஸ் போலோஞ்ஞாவுக்குப் போய், 2022-இல் யூரோலீக்குக்கு அடுத்த நிலைப் போட்டியான யூரோகப்பை வென்று கொடுத்தார். ஆட்டம் அவரிடம்தான் இருந்தது, எங்கும் போய்விடவில்லை. 82 ஆட்டங்களை ஆறே மாதத்தில் ஓடி முடிக்கும் கால்கள்தான் இல்லை.

கிரீஸின் கார்டு வசிலிஸ் ஸ்பனூலிஸ் கதையில் வயதுகூடப் பிரச்சினை இல்லை. 2006 உலகக் கோப்பை அரையிறுதியில் கிரீஸ் அமெரிக்காவை 101-95 என்று வீழ்த்தியபோது அவர் எடுத்தது 22 புள்ளி. ஒரே பிக் அண்ட் ரோலைத் (சக ஆட்டக்காரர் மறிப்பவரின் வழியை அடைத்துவிட்டுக் கூடையை நோக்கி ஓடும் உத்தியை) திரும்பத் திரும்ப ஆடினார்கள், அமெரிக்கர்களால் கடைசிவரை அதைத் தடுக்க முடியவில்லை. அந்த ஆண்டே ஹூஸ்டன் அவரைக் கொண்டுவந்து பெஞ்சில் உட்காரவைத்தது. ஒரே பருவத்தில் ஊர் திரும்பி, பிறகு மூன்று முறை யூரோலீக் வென்றார். இந்தியானா பேசர்ஸின் நட்சத்திரக் கார்டு ரெஜி மில்லர் ஓய்வு பெற்ற 2005-இல் அந்த அணி கொண்டுவந்த, லிதுவேனியாவின் ஷாருனாஸ் யசிகெவிச்சியஸும் அப்படித்தான். மூன்று ஆண்டுகள் தொடர்ந்து யூரோலீக் வென்ற கையோடு வந்தவர். ஒன்றரைப் பருவத்தில் வேறு அணிக்கு மாற்றப்பட்டார். வாழ்நாள் முழுக்கப் பந்தைக் கையில் வைத்து நால்வரை ஆட்டிவைத்தவரை மூலையில் நின்று தொலைவிலிருந்து எறியும் மூன்று புள்ளிக்குக் காத்திரு என்றால், அவர் என்னதான் செய்வார்?

எனவே உங்கள் அணி பேசுகிற ஆளின் காணொளியைப் பார்க்கும்போது அவர் கொடுக்கும் பாஸ்களைப் பார்க்காதீர்கள். பந்து கையில் இல்லாதபோது என்ன செய்கிறார் என்று மட்டும் பாருங்கள். எதிரணி ஆள் வழியை அடைத்து நிற்கும் ஸ்கிரீன் வந்தால் சுற்றிக்கொண்டு போராடி வருகிறாரா, அல்லது கையைக் காட்டிச் சக ஆட்டக்காரரிடம் ஆளை ஒப்படைத்துவிடுகிறாரா? மூலையில் நின்று வாங்கிய பந்தை உடனே எறிகிறாரா? இந்த இரண்டு கேள்விக்கு விடை தெரிந்தால் பாதி தெரிந்த மாதிரி.

ஆட்ட விதிகளும் கொஞ்சம் படுத்தும். ஐரோப்பாவில் மூன்று புள்ளிக் கோடு கூடையிலிருந்து 6.75 மீட்டர், என்பிஏவில் உச்சியில் 7.24. அரை மீட்டர்தானே என்பார்கள். நான்காம் கால்பகுதியில் களைத்த காலோடு எறிந்து பார்த்தவர்களுக்குத்தான் அந்த அரை மீட்டர் தெரியும். இன்னொன்று, ஐரோப்பாவில் உயரமான சென்டர் கூடைக்கு முன்னால் எவ்வளவு நேரமும் நின்று காவல் காக்கலாம். மெதுவான கார்டைத் தாண்டி ஆள் வந்துவிட்டாலும் பின்னால் ஒரு சுவர் இருக்கும். என்பிஏவில் யாரையும் மறிக்காமல் மூன்று நொடிக்கு மேல் அங்கே நிற்க முடியாது. அங்கே மறைந்திருந்த குறை இங்கே வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

பணம்: அவர் வெளிநாட்டில் ஆடிய ஆண்டுகள் என்பிஏ கணக்கில் சேராது. 33 வயதானாலும் குறைந்தபட்சச் சம்பளக் கணக்கில் புதுமுகம்தான். அதனால் குறைந்தபட்ச ஒப்பந்தத்தில் வந்தால் மலிவு, சரியாக வராவிட்டாலும் பெரிய நட்டமில்லை. பழைய கிளப்போடு ஒப்பந்தம் பாக்கி இருந்தால் விடுவிப்புத் தொகை கேட்பார்கள். அதில் என்பிஏ அணி சம்பளக் கணக்கில் ஏறாமல் கொடுக்கக்கூடிய பங்குக்கு வரம்பு உண்டு. மீதி வீரரின் தலையில் விழும். நல்ல பல பேச்சுவார்த்தைகள் இங்கேதான் முறிகின்றன.

வெளிநாட்டு மூத்தவர் என்றதும் எல்லாரும் பாஸ் கொடுக்கும் கலைஞரையே நினைக்கிறார்கள். பேட்ரிக் பெவர்லியை மறந்துவிடுகிறார்கள். அமெரிக்கரானாலும் உக்ரைன், கிரீஸ், ரஷ்யா என்று சுற்றிவிட்டு 2013 ஜனவரியில் ஹூஸ்டனுக்கு வந்தவர். மறிப்பதுதான் அவர் பிழைப்பு. போன இருவரில் மறிக்கிறவரைத்தான் உங்கள் அணி இழந்திருக்கிறது என்றால், தேட வேண்டியது இப்படிப்பட்ட ஆளை.

2015-இல் அந்தப் பெவர்லிக்கு மணிக்கட்டில் காயம். அப்போது ஹூஸ்டன் கைவசம் இருந்த கார்டுகளில் ஒருவர் பிரிஜியோனி. பருவத்தின் நடுவே நிக்ஸிடமிருந்து வந்திருந்தார். கிறிஸ் பாலின் கிளிப்பர்ஸுக்கு எதிரான ஏழு ஆட்ட பிளேஆஃப் தொடரில் 3-1 என்று பின்தங்கியிருந்த ஹூஸ்டன் ஏழாவது ஆட்டம்வரை இழுத்து வந்தது. அது மே 17, பிரிஜியோனிக்கு 38 வயது நிறைந்த நாள். யாரும் அவரிடம் புள்ளி கேட்கவில்லை. பெஞ்சிலிருந்து எழுந்து வந்தார், வழக்கம்போல் பதுங்கினார், பந்தைத் தட்டிப் பறித்தார். ஹூஸ்டன் 113-100 என்று வென்றது.