நியூராலஜி போஸ்டிங்கில் என்ன எதிர்பார்க்கலாம்?

"அடுத்த மாதம் நியூராலஜி போஸ்டிங். சீனியர்கள் எல்லாரும் பயமுறுத்துகிறார்கள். அங்கே என்னதான் நடக்கும், எதைப் படித்துக்கொண்டு போக வேண்டும்?" என்று இறுதியாண்டு எம்பிபிஎஸ் மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார். போஸ்டிங் என்பது மாணவர்கள் ஒரு துறையின், இங்கே நரம்பியலின், வார்டில் பயிற்சி பெறும் காலம். நான் தமிழ்நாட்டில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் படித்தவன், இப்போது பொது மருத்துவம் பார்க்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் அந்தப் பயம். அதற்கு நியூரோஃபோபியா என்று பெயரே உண்டு. ரால்ஃப் ஜோசஃபோவிச் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1994-இல் வைத்த பெயர் அது. மனப்பாடம் செய்த நியூரோ அனாடமியை, அதாவது மூளை நரம்புகளின் உடற்கூறியலை, நோயாளியின் மேல் பொருத்திப் பார்க்கத் தெரியாததுதான் காரணம் என்றார். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். முதலாண்டில் வரைந்து தள்ளிய கார்டிகோஸ்பைனல் டிராக்ட் (மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் நரம்புப் பாதை) எதற்கு என்று இந்த வார்டில்தான் புரியும்.

ரவுண்ட்ஸில், அதாவது வார்டைச் சுற்றி வரும்போது, சீஃப் (பொறுப்புப் பேராசிரியர்) கேட்பது பெரும்பாலும் இரண்டே கேள்விதான்: எங்கே கோளாறு? என்ன கோளாறு? இந்த வரிசை மாறக்கூடாது. கேஸைச் சொல்லத் தொடங்கியதுமே "ஸ்ட்ரோக் சார்" என்று முடித்தால் நிச்சயம் திட்டு விழும். வலது கை கால் வரவில்லை, கூடவே பேச்சும் போயிருக்கிறது என்றால் இடது மூளையின் மேற்பரப்பு. இரண்டு காலும் வரவில்லை, தொப்புளுக்குக் கீழே உணர்ச்சியில்லை, சிறுநீர் அடைத்துக்கொண்டது என்றால் தண்டுவடம். பாதத்தில் தொடங்கி முழங்கால் நோக்கி ஏறும் மரமரப்பு என்றால் நரம்பு. காலையில் நன்றாக இருந்து சாயங்காலம் இமை தொங்குகிறது என்றால் நரம்பும் தசையும் சேரும் இடம். இடத்தைப் பிடித்துவிட்டால், "என்ன" என்பதற்கு விடை பெரும்பாலும் நோய் வந்த வேகத்திலேயே இருக்கும். நொடியில் வந்தது ரத்தக்குழாய். சில நாளில் வந்தது தொற்று அல்லது அழற்சி. வாரக்கணக்கில் ஏறியது காசநோயாகவோ கட்டியாகவோ இருக்கலாம். வருடக்கணக்கில் தேய்ந்தது மூப்பு சார்ந்தோ பரம்பரையாகவோ வரும் சிதைவு. விதிவிலக்குகள் உண்டு, ஆனால் போஸ்டிங் முழுக்க இதை வைத்தே ஓட்டலாம்.

அதனால் ஹிஸ்டரி, அதாவது நோயாளியிடம் கேட்டு வாங்கும் நோயின் கதைதான் எல்லாம். பாடப்புத்தகக் கேள்விகளை அப்படியே மொழிபெயர்த்துக் கேட்டால் பதில் வராது. "ப்ராக்ஸிமல் வீக்னஸ்" (தோள், இடுப்புப் பக்கத் தசைகளின் பலவீனம்) வேண்டுமா? தரையில் உட்கார்ந்தால் கையூன்றாமல் எழ முடிகிறதா, பரணில் இருக்கும் டப்பாவை எடுக்க முடிகிறதா என்று கேளுங்கள். விரல்களில் பலம் குறைந்திருக்கிறதா என்பதற்கு, சோறு பிசைய முடிகிறதா, சட்டைப் பட்டன் போட முடிகிறதா. செருப்பு கழல்கிறதா என்று கேட்பதோடு நிறுத்தாமல், கழன்றது தெரிந்ததா என்றும் கேட்க வேண்டும். தெரிந்தே கழன்றால் கணுக்காலில் பலமில்லை. தெரியாமலே வீடு வரை வந்துவிட்டால் உணர்ச்சி போயிருக்கிறது. முகம் கழுவக் கண்ணை மூடியதும் தள்ளாடுகிறாரா என்பது இன்னொரு நல்ல கேள்வி. எம்ஆர்ஐ எடுக்காமலே பாதி கேஸ் முடிந்துவிடும்.

நினைவாற்றல் பரிசோதனையிலும் இதே கதைதான். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னால், பள்ளிக்கூடம் போகாத பாட்டி உங்களைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார். "கடையில நூறு ரூபா குடுத்து ஏழு ரூபாய்க்கு வாங்கினா மீதி எவ்வளவு பாட்டி?" என்று ஒரு பிஜி (முதுநிலை மருத்துவ மாணவர்) கேட்டதும் ஒரு பாட்டி பட்டென்று தொண்ணூத்திமூணு என்றதைப் பார்த்திருக்கிறேன்.

பரிசோதனைக்கு ஆரம்பத்தில் ஒரு மணி நேரம்கூட ஆகும், பரவாயில்லை. சுத்தியலால் அடிக்கும்போது சுத்தியலைப் பார்க்காதீர்கள், தசையைப் பாருங்கள். சுத்தியல் அதன் எடையிலேயே விழ வேண்டும். ரிஃப்ளெக்ஸ் (தட்டியதும் தசை தானாகத் துடிப்பது) வரவில்லை என்று எழுதுமுன் இரண்டு கை விரல்களையும் கோத்து இழுக்கச் சொல்லி இன்னொரு முறை தட்டிப் பாருங்கள். பாபின்ஸ்கி என்ற பிரெஞ்சு மருத்துவர் 1896-இல் சொன்ன பாதப் பரிசோதனை, அதாவது உள்ளங்காலைக் கீறிப் பெருவிரல் மேலே போகிறதா என்று பார்ப்பது, பார்க்க எளிது, செய்யக் கடினம். வெறுங்காலோடு வயலில் நடந்தவரின் பாதம் தடித்துப் போயிருக்கும், லேசாகக் கீறினால் எதுவும் அசையாது. பாதத்தில் கூச்சம் அதிகம் உள்ளவரோ காலையே இழுத்துக்கொள்வார். அப்போது வெளிக்கணுக்காலுக்குக் கீழே கீறிப் பாருங்கள். அப்புறம், இரண்டு காலும் செயலிழந்தவரின் முதுகைத் திருப்பிப் பார்க்காமல் கேஸ் சொல்லவே சொல்லாதீர்கள். நம் ஊரில் முதுகெலும்புக் காசநோய் இன்னும் இருக்கிறது. அந்தச் சின்னக் கூனைக் கண்ணால் பார்த்தாலே விடை தெரிந்துவிடும்.

இங்கே எல்லாமே மெதுவாக நடக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்ட்ரோக் கேஸ் வந்தால் ஓட்டம்தான். சர்க்கரை குறைந்தாலும் ஒரு பக்கம் கை கால் வராமல் போகலாம், அதனால் முதலில் விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பார்கள். உடனே சிடி ஸ்கேன். ரத்தக்கசிவு இல்லை, 4.5 மணி நேரம் தாண்டவில்லை, வேறு தடையும் இல்லை என்றால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து. ஆல்டிப்ளேஸ் என்றால் கிலோவுக்கு 0.9 மில்லிகிராம், அதிகபட்சம் 90. பத்தில் ஒரு பங்கை உடனே ஊசியாகப் போட்டு, மீதியை ஒரு மணி நேரத்தில் ஏற்றுவார்கள். இப்போது பல இடங்களில் ஒரே ஊசியாக டெனெக்டிப்ளேஸ். இதில் மாணவர் உருப்படியாகச் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு: நேரத்தைக் கறந்து எடுப்பது. "எப்ப ஆச்சு?" என்று கேட்டால் "காலையில எழுந்தப்ப" என்பார்கள். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்பதே கணக்கு. "ராத்திரி ஒண்ணுக்குப் போக எழுந்தாரா? அப்ப நல்லா நடந்தாரா? மணி பார்த்தீங்களா?" என்று கேளுங்கள். சில சமயம் சிகிச்சையே அந்தப் பதிலைப் பொறுத்து மாறும்.

ஜிபிஎஸ் எனப்படும் கியான் பாரே நோயாளி இருந்தால் அடிக்கடி போய்ப் பாருங்கள். காலில் தொடங்கிய பலவீனம் மேலேறி மூச்சைப் பிடிக்கும் நோய். பிஜி கட்டிலோரம் நின்று, மூச்சை நன்றாக இழுத்து ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொல்வார். காலையில் 30-ஐத் தாண்டியவர் மாலையில் 18-இல் நின்றுவிட்டால், ஆக்சிஜன் அளவு 98 என்று காட்டினாலும் ஐசியூவுக்குத் தள்ளிக்கொண்டு போவார்கள். கிராமத்திலிருந்து வருபவர்களிடம் இன்னொன்றும் கேட்க வேண்டும்: ராத்திரி தரையில் படுத்தீர்களா? கட்டுவிரியன் கடித்தால் வலியோ தடமோ இல்லாமல்கூடப் போகலாம். விடிகாலையில் வயிற்றுவலி, இமை தொங்கல், விழுங்க முடியாமை. முழுதாக முடங்கியவர் மூளைச்சாவு அடைந்தவர் போலவே தெரிவார், ஆனால் கட்டிலருகே பேசுவதெல்லாம் அவருக்குக் கேட்டுக்கொண்டிருக்கும். அங்கே நின்று வாய்க்கு வந்ததைப் பேசாதீர்கள்.

ஓபியில் (புறநோயாளிப் பிரிவில்) தலைவலியும் வலிப்பும்தான் கூட்டம். வலிப்பு வந்தவருக்கு எதுவும் நினைவிருக்காது, அதனால் கண்ணால் பார்த்தவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். போனில் வீடியோ இருந்தால் இன்னும் நல்லது. "கையில சாவி குடுத்தோம், நின்னுடுச்சு" என்பார்கள். சிரிக்க வேண்டாம். பெரும்பாலான வலிப்பு ஓரிரு நிமிடத்தில் தானாகவே நிற்கும், பெயர் சாவிக்குப் போகிறது. 5 நிமிடம் தாண்டினால்தான் அவசரம் என்பதை அப்போதே பொறுமையாகச் சொல்லலாம். கல்யாண வயதுப் பெண்ணோடு வரும் அம்மாவிடம் சீஃப் பேசுவதைக் கட்டாயம் கவனியுங்கள். மாப்பிள்ளை வீட்டில் சொல்வதா வேண்டாமா, வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்து கருவைப் பாதிக்கும் என்பதால் மருந்தை மாற்றுவதா, நிறுத்தினால் என்ன ஆகும், எல்லாம் அந்தச் சில நிமிடத்தில் வரும். எந்த வகுப்பிலும் இது கிடைக்காது.

லம்பார் பஞ்சர், அதாவது கீழ்முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீர் எடுப்பதைப் பார்ப்பீர்கள். முதுகில் ஊசி போட்டால் கால் போய்விடும் என்று உறவினர்கள் மறுப்பார்கள். தண்டுவடம் அதற்கு மேலேயே முடிந்துவிடுகிறது என்று படம் போட்டுக் காட்டினால் பலர் ஒப்புக்கொள்வார்கள். மோட்டார் நியூரான் நோய் (தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் அழியும் நோய்) போல நம்மால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாதவையும் வரும், மனசு கனக்கும். ஆனால் "கண்டுபிடிப்பார்கள், குணப்படுத்த மாட்டார்கள்" என்ற பழைய கிண்டலை நம்பாதீர்கள். மயஸ்தீனியா (நரம்பும் தசையும் சேரும் இடத்தைத் தாக்கும் நோய்) நோயாளி வெண்டிலேட்டரிலிருந்து இறங்கி நடந்து வீட்டுக்குப் போவதை இதே வார்டில்தான் பார்த்தேன்.

படிக்க வேண்டியது அதிகமில்லை: தண்டுவடக் குறுக்குவெட்டு, மூளைத்தண்டு, கபால நரம்புகள், தசைபலத்தை 0 முதல் 5 வரை தரம் பிரிப்பது. போகும் முன் ஒருமுறை புரட்டினால் போதும், மீதியைப் பார்த்த கேஸை வைத்து அன்றன்று ராத்திரி படியுங்கள். நீளக் கைப்பிடிச் சுத்தியல், 128 ஹெர்ட்ஸ் டியூனிங் ஃபோர்க் (அதிர்வு உணர்ச்சி பார்க்கும் இசைக்கவை), பென் டார்ச், பஞ்சு, குண்டூசி எல்லாம் சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள். குண்டூசியை ஒரு நோயாளிக்குப் பயன்படுத்தியதும் போட்டுவிட வேண்டும், அதனால் ஒரு டப்பாவாகவே வாங்கிவிடுங்கள். ஃபோர்க்கில் பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள். வார்டு ஃபோர்க் எப்போதும் காணாமல் போயிருக்கும், உங்களுடையதைத்தான் கேட்பார்கள்.