திருப்பலி முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள்

வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்குமேல் நம் கத்தோலிக்கக் கோயில், பங்கு (ஒரு கோயிலைச் சேர்ந்த இறைமக்கள் குழு), பூசை (திருப்பலி) பற்றியவை. ஞாயிறு மறைக்கல்வி சொல்லிக்கொடுப்பவள், பீடத்தில் வாசகம் வாசிப்பவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். திருச்சபைச் சட்டம் சம்பந்தப்பட்ட விஷயங்களை உங்கள் பங்குத்தந்தையிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அக்கா, எனக்குச் சிவகங்கைப் பக்கம். சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் விடுதியில் தங்கிக் கட்டுமான வேலை பார்க்கிறேன். ஊரில் பாடகர் குழுவில் இருந்தேன், திருவிழாவில் சப்பரம் தூக்குவேன். இங்கே மாதத்தில் இரண்டு ஞாயிறுதான் லீவு. தமிழ்த் திருப்பலிக்குப் போய்க் கடைசியில் நின்றுவிட்டு, முடிந்ததும் பஸ் ஏறிவிடுவேன். யாரும் என்னிடம் பேசுவதில்லை, நானும் பேசுவதில்லை. மற்ற ஞாயிறுகளில் பூசை தவறிப்போகிறது. இது பாவமா?
– வாசகர், துவாஸ்

பாவம் என்ற பேச்சை முதலில் முடித்துவிடுவோம், தம்பி. வேலைக்கு நின்றே ஆகவேண்டிய கட்டாயத்தில் இருப்பவர்மீது திருச்சபை குற்றம் சுமத்துவதில்லை. சனிக்கிழமை மாலைத் திருப்பலியில் கலந்துகொண்டாலே ஞாயிறு கடன் தீர்ந்துவிடும். ஞாயிறு மாலையிலும் சில கோயில்களில் பூசை உண்டு. அது தமிழில்தான் இருக்கவேண்டும் என்பதும் இல்லை. ஆங்கிலப் பூசைக்குப் போனாலும் எப்போது எழுந்து நிற்பது, எப்போது மண்டியிடுவது என்று உங்களுக்கே தெரியும். அன்றைய வாசகங்களை மட்டும் பஸ்ஸில் வரும்போது போனில் தமிழில் படித்துக்கொள்ளுங்கள், பிரசங்கம் பாதியாவது பிடிபடும்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என் மனதை உறுத்தியது அது இல்லை. "யாரும் பேசுவதில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான். ஞாயிறுதோறும் நானும் பார்க்கிறேன். பக்கவாட்டுக் கதவோரம் பத்துப் பதினைந்து தம்பிகள் நிற்பார்கள். பெஞ்சில் இடம் காலியாக இருக்கும், உட்காரமாட்டார்கள். நற்கருணை வாங்கிக்கொண்டு அப்படியே படியிறங்கிவிடுவார்கள். முன்வரிசையில் இருக்கும் உள்ளூர்க் குடும்பங்கள் மூன்று தலைமுறையாக ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். பூசை முடிந்ததும் அவர்கள் தங்களுக்குள் வட்டம் போட்டு நின்று பேசுவார்கள். வெளியிலிருந்து வந்த ஒருவர் அந்த வட்டத்துக்குள் எப்படி நுழைவார்? இடம் விடவேண்டியது உள்ளே நிற்பவர்கள். உள்ளூர் வாசகர்களே, இதை உங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். வரும் ஞாயிறு கதவோரம் நிற்கும் ஒரு தம்பியிடம் போய் "எந்த ஊர், எந்தப் பங்கு?" என்று கேளுங்கள். ஊர்ப் பெயரும் கோயில் பெயரும் சொல்ல ஆரம்பித்துவிட்டால் பிறகு பேச்சு தானாக வளரும்.

தம்பி, நீங்களும் ஒன்று செய்யவேண்டும். பூசைக்கு அரைமணி நேரம் முன்னால் வாருங்கள். அப்போது பாடகர் குழு கீபோர்டு பக்கத்தில் அன்றைய பாட்டுகளை ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கும். பாட்டு ஃபைலைக் கையில் வைத்திருப்பவரிடம் போய், "ஊரில் பாடியிருக்கிறேன், இங்கேயும் பாடலாமா?" என்று கேளுங்கள். ஆண்குரல் கிடைக்காத பாடகர் குழுக்கள்தான் இங்கே அதிகம். இங்கே பிறந்த பிள்ளைகள் பலர் தமிழ்ப் பாட்டை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு பாடுகிறார்கள். பக்கத்தில் நின்று நீங்கள் வாய்விட்டுப் பாடினாலே அந்தப் பிள்ளைகளுக்கு உச்சரிப்பு பிடிபட்டுவிடும்.

போன தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, இயேசுவின் பாடுகளைப் பதினான்கு ஸ்தலங்களில் தியானிக்கும் சிலுவைப்பாதையின்போது பாட்டு எடுத்துக்கொடுப்பவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. ஐந்தாம் ஸ்தலத்தில் பாட்டு நின்றே போனது. பின்னாலிருந்து ஒரு தம்பி, வேலையிலிருந்து நேராக வந்தவர், சிமெண்ட் படிந்த பூட்ஸைக்கூட மாற்றவில்லை, புத்தகம் பார்க்காமல் அடுத்த அடியை எடுத்தார். பதினான்காம் ஸ்தலம்வரை அவர்தான் பாடினார். அவருக்கு லீவு கிடைக்கிற ஞாயிறுகளில் இப்போது பதிலுரைப்பாடல் அவருடையது. அவர் வராத ஞாயிறு, "எங்கே காணோம்?" என்று நாலு பேர் கேட்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்லிவைக்கிறேன். வெளிநாட்டிலிருந்து வந்து வேலை செய்பவர்களுக்காக நம் மறைமாவட்டத்தில் ஆக்மி என்ற ஆணையம் 1998 முதல் இயங்குகிறது. துன்பத்தில் இருப்பவர் எந்த மதத்தவரானாலும் உதவுவார்கள். விடுதியில் யாருக்காவது சம்பளப் பிரச்சினை, வேலையில் அடிபட்டது என்று இருந்தால் தனியாகத் திண்டாட விடாதீர்கள், அங்கே போகச் சொல்லுங்கள்.

பொங்கோலுக்கு வீடு மாறி வந்திருக்கிறோம். மகளை வட்டாரக் கோயிலில் மறைக்கல்வியில் சேர்த்தாயிற்று, எல்லாம் ஆங்கிலத்தில்தான். என் மாமியாரோ ஓஃபிர் சாலை லூர்து மாதா கோயிலைத் தவிர வேறெங்கும் வரமாட்டேன் என்கிறார். "அங்கே போனால்தான் பூசை பார்த்த மாதிரி இருக்கு" என்கிறார். ஒரு குடும்பம் இரண்டு கோயிலுக்குப் போகலாமா? எது எங்கள் பங்கு?
– வாசகி, பொங்கோல்

நீங்கள் குடியிருக்கும் வட்டாரத்துக் கோயில்தான் உங்கள் பங்கு. மகளின் புதுநன்மை (முதல் நற்கருணை), உறுதிபூசுதல், வீட்டில் யாருக்காவது சுகமில்லை என்றால் ஃபாதரை அழைப்பது எல்லாம் அங்கே. ஆனால் பூசைக்கு எந்தக் கத்தோலிக்கக் கோயிலுக்கும் போகலாம், அதற்குத் தடை எதுவும் இல்லை.

மாமியாரின் பிடிவாதத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது, தங்கச்சி. அதை மகளுக்கும் சொல்லுங்கள். ஆரம்பக் காலத்தில் இங்கே வந்த தமிழ்க் கத்தோலிக்கர்கள் 1847இல் கட்டி முடிக்கப்பட்ட நல்மேய்ப்பர் பேராலயத்துக்குப் போனார்கள். அப்புறம் 1870இல் குவீன் ஸ்திரீட்டில் எழும்பிய பேதுரு பவுல் கோயிலைச் சீனர்களோடு பகிர்ந்துகொண்டார்கள். தமிழருக்கென்று ஒரு கோயில் வேண்டுமென்று பாடுபட்டவர் மெனுவ்ரியே என்ற பிரெஞ்சுக் குரு. 1886இல் அடிக்கல் நாட்டி 1888இல் கோயிலை முடித்தார்கள். பிரான்சிலுள்ள லூர்து பெருங்கோயிலின் சாயலில் கட்டப்பட்டது. சிங்கப்பூரில் தமிழர்களுக்கென்று எழும்பிய முதல் கத்தோலிக்கக் கோயில் அதுதான். மலிவான கூலிக்கு உழைத்தவர்களின் காணிக்கை எத்தனை அந்தச் சுவர்களில் சேர்ந்திருக்கும் என்று அங்கே போகும்போதெல்லாம் நினைப்பேன்.

1974வரை தீவின் எந்த மூலையில் இருந்தாலும் தமிழர் என்றால் அதுதான் பங்கு. அந்த ஆண்டில் மொழி, இனம் என்றில்லாமல் வட்டாரப்படி பங்குகளைப் பிரித்தார்கள். 2005இல் கோயில் தேசிய நினைவுச் சின்னமானது. உங்கள் மாமியாரின் வயதுக்காரர்களுக்கு ஞானஸ்நானம், கல்யாணம், பெற்றோரின் அடக்கப் பூசை எல்லாம் அங்கேதான் நடந்திருக்கும். அதை விட்டுவிட்டு வரச் சொன்னால் எப்படி வருவார்?

அதனால் ஒன்று செய்யுங்கள். வாராவாரம் மகளோடு உங்கள் பங்குக்குப் போங்கள். மாதம் ஒருமுறை எல்லோருமாக மாமியாரை அழைத்துக்கொண்டு ஓஃபிர் சாலைக்குப் போங்கள். பிப்ரவரி 11 லூர்து அன்னை திருவிழாவை மட்டும் எந்த வேலை இருந்தாலும் தவறவிடாதீர்கள். வீட்டில் செபமாலையை மாமியாரே தமிழில் தொடங்கட்டும். அவர் "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க" என்பார், நீங்கள் "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்பீர்கள், மகள் ஆங்கிலத்தில் சொல்வாள். மூன்றும் கேட்கட்டும், யாரையும் திருத்தவேண்டாம்.

என் மகனின் திருமுழுக்குக்கு என் உயிர்த்தோழியை ஞானத்தாயாக நிறுத்த ஆசை. அவள் இந்து. முடியுமா?
– வாசகி, புக்கிட் பாத்தோக்

முடியாதம்மா. ஞானப்பெற்றோர் பதினாறு வயது நிரம்பிய, உறுதிபூசுதலும் நற்கருணையும் பெற்ற கத்தோலிக்கராக இருக்கவேண்டும். பிள்ளையைப் பெற்றவர்களும் ஆகக்கூடாது. இரண்டு பேர் இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை, ஒருவரே போதும். வேறு சபையில் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவர் என்றால், கத்தோலிக்க ஞானப்பெற்றோர் ஒருவருடன் சாட்சியாக நிற்கலாம்.

தோழிக்கு இதைச் சொல்லும்போது அவர் மனம் நோகாதபடி சொல்லுங்கள். பிள்ளைக்குப் போடும் வெள்ளை உடையை அவர் வாங்கித் தரட்டும், சடங்கின்போது குடும்பத்தாரோடு முன்வரிசையில் உட்காரட்டும்.

அப்பா மருத்துவமனையில் இருக்கிறார். டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். "என்னை எரிக்காதே, மண்ணில் வை" என்கிறார். தம்பி, தகனம்தான் வசதி என்கிறான். நான் யார் பக்கம் நிற்பது?
– வாசகர், அங் மோ கியோ

ஐயா, அடக்கத்தைப் பற்றிப் பேசும்முன் ஒன்று. ஃபாதரை இன்றே அழைத்து அப்பாவுக்கு நோயில்பூசுதல் கொடுக்கச் சொல்லுங்கள். கடைசி மூச்சுக்காகக் காத்திருக்கவேண்டாம். பேசும் நிலையில் இருக்கும்போதே கொடுத்தால் பாவசங்கீர்த்தனம் செய்யலாம், நற்கருணையும் வாங்கலாம். "சாமியார் வந்தால் அப்பா பயந்துவிடுவார்" என்று தள்ளிப்போடுகிற குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் பயப்படுவது பிள்ளைகள்தான். நோயாளி எண்ணெய் பூசிய பிறகு நிம்மதியாகக் கண்ணை மூடித் தூங்குவார்.

இனி உங்கள் கேள்வி. தகனத்தைத் திருச்சபை 1963 முதல் அனுமதிக்கிறது, அதில் பாவம் எதுவும் இல்லை. ஆனாலும் உடலை அடக்கம் செய்வதையே அது விரும்பிப் பரிந்துரைக்கிறது. ஆக அப்பா கேட்பதில் எந்தத் தவறும் இல்லை. சிங்கப்பூரில் இப்போது புதிதாக அடக்கம் செய்ய இருக்கும் இடம் சுவா சூ காங் மட்டும். அங்கேயும் 15 ஆண்டுகள்தான். அதற்குப் பிறகு தோண்டியெடுத்துவிடுவார்கள். கிறிஸ்தவர் என்றால் எஞ்சியதைத் தகனம் செய்து சாம்பலை மாடத்தில் வைக்கவேண்டியிருக்கும்.

இதை அப்பாவிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நினைவு தெளிவாக இருக்கும்போது அவரே முடிவு செய்யட்டும். "பதினைந்து வருஷம் போதும், மண்ணிலேயே வை" என்றால் அப்படியே செய்யுங்கள், நான் அப்பா பக்கம்தான். செலவையும் அலைச்சலையும் பங்கிட்டுக்கொண்டால் தம்பியும் சம்மதிப்பார். அப்பாவே தகனத்துக்கு ஒத்துக்கொண்டால், சாம்பலைக் கடலில் கரைக்கக்கூடாது, கோயில் மாடத்தில் வைக்கவேண்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். சாம்பல் மாடம் உள்ள கோயில்கள் இங்கே பல இருக்கின்றன. அப்பாவின் பங்கில் விசாரியுங்கள்.

நேரம் வந்தால், புளோக் கீழ்த்தளத்தில் கூடாரம் போட ஏற்பாடு செய்யும்போதே பங்கு அலுவலகத்துக்கும் போன் போடுங்கள். அடக்கப் பூசைக்கான நேரத்தையும் கல்லறை அல்லது மண்டாய் தகனச் சாலைக்கான நேரத்தையும் பொருத்தவேண்டும். ஒவ்வொரு இரவும் தமிழில் செபமாலை சொல்ல யாராவது வரவேண்டுமென்று கேளுங்கள். மரியாயின் சேனைக்காரர்கள், வின்சென்ட் தே பால் சபையினர் என்று பங்கில் ஆள் இருப்பார்கள். முன்பின் தெரியாத வீடாக இருந்தாலும் வருவார்கள்.

தமிழ்த் திருப்பலிக்கு இளையவர்கள் வருவதே இல்லை. எங்கள் காலத்தோடு முடிந்துவிடுமோ என்று கவலையாக இருக்கிறது.
– வாசகர், தெம்பனிஸ்

உங்கள் கவலை எனக்கும் உண்டு. ஆனால் பிள்ளைகளுக்குப் பக்தி இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். 2024 செப்டம்பர் 12 அன்று தேசிய விளையாட்டரங்கில் போப் பிரான்சிஸ் நிறைவேற்றிய திருப்பலியில் ஏறக்குறைய 50,000 பேர் கூடினோம். தமிழ்த் திருப்பலிப் பக்கமே நான் பார்த்திராத நம் பிள்ளைகள் சிலர் அன்று தொண்டூழியர் அட்டை மாட்டிக்கொண்டு, முதியவர்களின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். ஒரு வேலையை நம்பி ஒப்படைத்திருந்தார்கள், அதனால் வந்தார்கள்.

நம் தமிழ்த் திருப்பலியில் என்ன நடக்கிறது? வாசகம் வாசிப்பவர், காணிக்கை எடுப்பவர், மன்றாட்டு சொல்பவர் என்று எல்லாப் பொறுப்பும் அறுபதைத் தாண்டியவர்கள் கையில். பிள்ளை தமிழில் தடுமாறினால் அடுத்த வாரம் வேறு ஆளைப் போட்டுவிடுகிறோம். தடுமாறட்டும், ஐயா! மன்றாட்டில் ஒரே ஒரு வரி கொடுங்கள். வீட்டில் தாத்தாவோடு உட்கார்ந்து அந்த ஒரு வரியை வாரம் முழுக்கச் சொல்லிப் பார்ப்பான். திரையில் பாட்டு வரிகளைப் போடும் வேலையைப் பதின்ம வயதுப் பெண்ணிடம் விடுங்கள். தமிழ் படிக்கத் தெரியாமல் அந்த வேலையைச் செய்ய முடியாது, அதற்காகவே கற்றுக்கொள்வாள். பீடப்பணிக்குச் சிறுவர்களைச் சேருங்கள், பெற்றோரும் கூடவே வந்துவிடுவார்கள். உங்கள் பெயர் வாசகர் பட்டியலில் இருந்தால், அடுத்த மாத முறையை உங்கள் பேரனுக்கோ பேத்திக்கோ விட்டுக்கொடுங்கள்.

போன வருடக் குருத்தோலை சிலுவைப் படத்துக்குப் பின்னால் காய்ந்து கிடக்கிறது. குப்பையில் போட மனம் வரவில்லை.
– வாசகி, ஈசூன்

போடவேண்டாம். மந்திரித்த பொருள் அது. தவக்காலம் தொடங்கும் முன்பு பழைய குருத்தோலைகளைக் கேட்டுக் கோயில் வாசலில் பெட்டி வைப்பார்கள். அதில் போட்டுவிடுங்கள். அவற்றை எரித்த சாம்பலைத்தான் சாம்பல் புதனன்று நம் நெற்றியில் பூசுகிறார்கள். பெட்டி வைக்காத பங்கு என்றால் அலுவலகத்தில் கொடுங்கள், வாங்கிக்கொள்வார்கள். அதுவும் முடியாவிட்டால் வீட்டிலேயே எரித்துச் சாம்பலைப் பூந்தொட்டி மண்ணில் கலந்துவிடலாம்.