நிலம் ஆடியது; அலை ஏன் வரவில்லை?

கேள்வி: 2012 ஏப்ரல் 11 அன்று பிற்பகலில் சென்னையில் கட்டடங்கள் ஆடின. சுனாமி எச்சரிக்கையும் வந்ததால், காசிமேட்டில் நாங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு மேற்கே ஓடினோம். ஆனால் அலை வரவில்லை. நிலநடுக்கத்தை உடனே கண்டறிபவர்களால் அலை வருமா, வராதா என்பதை அப்போதே சொல்ல முடியாதா?
— வாசகர், காசிமேடு

பதில்: முடியாது என்பதே நேர்மையான விடை. நில அதிர்வு அலைகள் பாறைகளின் ஊடே நொடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் பரவுவதால், சுமத்ரா அருகே நிகழும் நடுக்கத்தின் இடத்தையும் ஆழத்தையும் அளவையும், ஹைதராபாத்தில் கடல்சார் தகவல் சேவை தரும் இன்காய்ஸ் (INCOIS) நிறுவனத்தில் 2007 முதல் இயங்கும் சுனாமி எச்சரிக்கை மையம் சில நிமிடங்களிலேயே கணித்துவிடுகிறது. ஆனால் சுனாமியை உண்டாக்குவது நடுக்கத்தின் வலிமை மட்டுமன்று. கடல்தரை மேலும் கீழுமாக எவ்வளவு நகர்ந்தது என்பதும்தான். 2004 டிசம்பர் 26 அன்று ஒரு நிலத்தட்டு மற்றொன்றின் அடியில் வழுக்கிச் சென்றபோது, 1,000 கிலோமீட்டருக்கும் அதிகமான நீளத்திற்குக் கடல்தரை எழும்பியும் தாழ்ந்தும் மாறியதால், அதன் மேலிருந்த நீர் முழுவதும் இடம்பெயர்ந்தது. 2012 இல் நடுக்கத்தின் அளவு 8.6 என்றாலும், பாறைகள் பெரும்பாலும் பக்கவாட்டிலேயே உராய்ந்து நகர்ந்தன; தரை அதிகம் உயரவில்லை, நீரும் பெரிதாகத் தள்ளப்படவில்லை.

இந்த வேறுபாட்டை உறுதியாகச் சொல்லக் கூடுதல் நேரம் வேண்டும் என்பதால், முதல் எச்சரிக்கை நடுக்கத்தின் அளவையும் முன்கூட்டியே கணினியில் போட்டு வைத்த கணக்குகளையும் நம்பியே வெளியாகிறது. பிறகு கடலே சாட்சி சொல்ல வேண்டும். ஆழ்கடல் தரையில் வைக்கப்பட்ட அழுத்தமானிகள், தமக்கு மேலே ஆயிரக்கணக்கான மீட்டர் நீர் இருந்தும், நீர்மட்டம் சில சென்டிமீட்டர் உயர்ந்தாலே உணர்ந்துவிடும். அச்செய்தி ஒலியலையாக மேலே உள்ள மிதவைக்கும், அங்கிருந்து செயற்கைக்கோள் வழியாக மையத்துக்கும் போய்ச் சேரும். துறைமுகங்களில் உள்ள அலைமட்டமானிகளும் இதற்குத் துணை செய்கின்றன. 2012 இல் இவை பெரிய அலை எதையும் காட்டாததால்தான் எச்சரிக்கை அன்று மாலையே விலக்கப்பட்டது.

அந்த உறுதி கிடைக்கும் வரை காத்திருக்கலாமே என்று தோன்றலாம். 2004 இல் காலை சுமார் 6.30 மணிக்கு நிகழ்ந்த நடுக்கத்தின் அலை, ஏறத்தாழ 9 மணிக்குச் சென்னையை அடைந்தது. 4,000 மீட்டர் ஆழக் கடலில் சுனாமியின் வேகம் மணிக்கு 700 கிலோமீட்டர் அளவில் இருக்கும். இரண்டரை மணி நேரம் தாராளமாகத் தெரிந்தாலும், காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரையுள்ள நெருக்கமான குப்பங்களில் முதியவர்களையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு வெளியேறுவதற்கு அது அதிகமில்லை. எனவே, அன்று நீங்கள் ஓடியது வீண் ஓட்டம் என்று நான் கருதவில்லை.

கேள்வி: கடல் உள்வாங்கினால்தான் சுனாமி வருமா?
— வாசகி, எர்ணாவூர்

பதில்: இல்லை. 2004 இல் தாய்லாந்துக் கரையில் கடல் முதலில் உள்வாங்கியது. நம் கரைக்கோ நீர் முதலில் ஏறியே வந்தது. நடுக்கம் நிகழ்ந்த இடத்தில் கடல்தரை நம்மை நோக்கிய மேற்குப் பக்கம் எழும்பி, தாய்லாந்தை நோக்கிய கிழக்குப் பக்கம் தாழ்ந்ததே காரணம். நம்மூரில் பலர் கண்ட உள்வாங்கல் அலைகளுக்கு இடையே நிகழ்ந்தது. அதை வேடிக்கை பார்க்க இறங்குவது மிக ஆபத்தானது, ஏனெனில் அடுத்தடுத்த அலைகள் முதல் அலையைவிடப் பெரியவையாக இருக்கக்கூடும்.

கேள்வி: எச்சரிக்கை வரும்போது விசைப்படகு ஆழ்கடலில் இருந்தால் கரைக்குத் திரும்ப வேண்டுமா?
— வாசகர், திருவொற்றியூர்

பதில்: திரும்பக் கூடாது. 2004 இல் நடுக்கம் நிகழ்ந்து இரண்டு மணி நேரம் கழித்து வங்கக் கடலின் நடுவே செயற்கைக்கோள் அளந்த அலையின் உயரம் ஒரு மீட்டருக்கும் குறைவே. பல கிலோமீட்டர் பரப்பில் மெல்ல எழுந்து தாழும் அதனைப் படகில் இருப்பவர்கள் உணர்வதே அரிது. கரையருகே ஆழம் குறையக் குறையத்தான் அது உயரும். துறைமுகத்துக்குள் ஏற்படும் நீரோட்டம் கட்டிய கயிற்றை அறுத்துப் படகுகளை ஒன்றன்மேல் ஒன்றாக மோதச் செய்யும். அது பல மணி நேரம் நீடிக்கலாம் என்பதால், எச்சரிக்கை விலக்கப்பட்டதாக வயர்லெஸ்ஸில் அதிகாரப்பூர்வமாகத் தெரிவிக்கப்படும் வரை ஆழ்கடலிலேயே இருப்பது நல்லது.