சம்பளத்தோட சைடுல 1,40,000 வந்துச்சு, காட்டணுமா?

கேரளா பார்டர்ல இருக்கற கொழிஞ்சாம்பாறைல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. கஞ்சிக்கோட்டுல ஒரு கம்பெனில டிசைன் இன்ஜினியர், வருச சம்பளம் 9,60,000. ராத்திரி வீட்ல உக்காந்து கோயம்புத்தூர் கம்பெனி ஒண்ணுக்கு ஆட்டோகேட் டிராயிங் போட்டுக் குடுக்கறாரு, 2025-26ல அதுல 1,40,000 வந்துச்சாம், அவங்க 14,000 டிடிஎஸ் (முன்கூட்டியே புடிக்கற வரி) புடிச்சுட்டுதான் குடுத்திருக்காங்க. இத காட்டணுமா, ஆபீசுக்கு தெரிஞ்சுருமா, வேற ஸ்டேட்டுக்கு பில் போடறதால ஜிஎஸ்டி எடுக்கணும்னு ஏஜெண்ட் சொல்றாரே நெசமான்னு மூணு கேள்வி.

காட்டணும் தம்பி. டிடிஎஸ் புடிச்சப்பவே உங்க பேன் நம்பர்ல அது ஏறிருச்சு, இன்கம்டாக்ஸ் போர்ட்டல்ல ஏஐஎஸ், அதாவது உங்க வருமானம் எல்லாம் இருக்கற பட்டியல், டவுன்லோட் பண்ணிப் பாருங்க, தொழில் பீஸுக்கான செக்ஷன் 194ஜேன்னு போட்டு நிக்கும். அத தொறக்க பேன் நம்பர சின்ன எழுத்துல அடிச்சு பிறந்த தேதியும் சேத்து அடிக்கணும், லாகின் பண்ணி உள்ள வந்தவன்கிட்ட மறுபடி எதுக்கு பூட்டுன்னு கேக்காதீங்க, எனக்கும் தெரியாது.

சம்பளம் மட்டும்னா ஐடிஆர்-1ங்கற ரிட்டன் பாரம் போதும், உங்களுக்கு அது ஆகாது, ஐடிஆர்-4 போடுங்க. இன்ஜினியரிங் தொழில்ங்கறதால 44ஏடிஏங்கற செக்ஷன்ல 1,40,000ல பாதி, அதாவது 70,000 மட்டும் வருமானம்னு காட்டலாம், கணக்கு புக்கு வேண்டாம், மீதி பாதி செலவுன்னு டிபார்ட்மெண்டே ஒத்துக்குது, அதனால லேப்டாப் பில்ல தனியா கழிக்கப் பாக்காதீங்க. சம்பளத்துல எல்லாருக்கும் குடுக்கற நிலையான கழிவு 75,000 கழிச்சா 8,85,000, கூட 70,000, மொத்தம் 9,55,000. புது வரிமுறைல 12 லட்சம் வரைக்கும் ரிபேட் (வரித் தள்ளுபடி) இருக்கு, ஆக வரி சைபர். புடிச்ச 14,000 திரும்பி வரும். காசு வரவேண்டிய ஆளு நீங்க, பயந்துட்டு இருக்கீங்க. பழைய முறைதான் வேணும்னா 10-ஐஇஏ பாரம் போடணும், உங்க கணக்குக்கு அது தேவையில்ல.

இப்ப அந்த ஏஜெண்ட். கேரளா-தமிழ்நாடு பார்டர் வாளையாறுல வரி செக்போஸ்ட் 2017ல ஜிஎஸ்டி வந்தப்பவே போயிருச்சு, அத சொல்லி ஆள பயமுறுத்தறது மட்டும் இன்னும் போகல. சர்வீஸ்க்கு 20 லட்சம் வரைக்கும் ஜிஎஸ்டி ரிஜிஸ்ட்ரேஷன் வேண்டாம், ஸ்டேட் தாண்டி பில் போட்டாலும் வேண்டாம், 2017 அக்டோபர்லயே விலக்கு குடுத்துட்டாங்க. உங்க சம்பளம் அந்த 20 லட்சத்துல சேராது. ஆனா ஒண்ணு, இது சர்வீஸ்க்கு மட்டும்தான். நாளைக்கு அதே டிராயிங்க வச்சு நீங்களே பார்ட்ஸ் செஞ்சு கோயம்புத்தூருக்கு வித்தீங்கன்னா அது பொருள், பொருள் ஸ்டேட் தாண்டுனா பொதுவா முதல் ரூபாய்ல இருந்தே ரிஜிஸ்ட்ரேஷன் வேணும். டிராயிங்க மெயில்ல அனுப்புனா சர்வீஸ், ஆட்டோல இரும்ப ஏத்துனா பொருள், இந்த வித்தியாசத்த மறந்துராதீங்க. தேவையில்லாம எடுத்துட்டா ஒரு பில்லு கூட இல்லாத மாசத்துக்கும் ரிட்டன் போடணும், லேட்டானா நாளுக்கு 20 ரூபா. ஏஜெண்ட்டுக்கு அதுல நிரந்தர வருமானம், அதான் சொல்றாரு.

அதே ஆளு "ரீபண்ட இன்னும் கூட்டித் தரேன், பாதி எனக்கு"ன்னு வருவாரு பாருங்க. குடுக்காத டொனேஷன், கட்சிக்கு நன்கொடை, இல்லாத வீட்டு வாடகைன்னு போட்டு விடுவாங்க, ரிட்டன்ல அவங்க மெயில் ஐடியே இருக்கும், நோட்டீஸ் வந்தா உங்க கண்ணுலயே படாது. 2025 ஜூலைல இந்த மாதிரி கும்பல்கள நாடு முழுக்க 150 இடத்துல சோதனை போட்டாங்க. பொய்க் கணக்குன்னு நிரூபணமானா வரிக்கு மேல 200 சதவீதம் அபராதம், அது உங்க தலைல, ஏஜெண்ட் கடைய மாத்திட்டு போயிருவான். பாஸ்வேர்டும் ஓடிபியும் யாருக்கும் குடுக்காதீங்க.

2026 ஏப்ரல்ல இருந்து புது இன்கம்டாக்ஸ் சட்டம், செக்‌ஷன் நம்பர் எல்லாம் மாறிப்போச்சு, எங்களுக்கே நாக்குல வர மாட்டேங்குது. உங்க வருமானம் அதுக்கு முன்னாடி வந்தது, 1961 சட்டப்படிதான் ரிட்டன்.

ஆபீஸ் விசயம்: டிபார்ட்மெண்ட் உங்க ஏஐஎஸ்ஸ எடுத்து முதலாளிக்கு அனுப்பறதில்ல, நீங்களும் சொல்லணும்னு கட்டாயமில்ல. ஆனா அப்பாயின்ட்மெண்ட் ஆர்டர்ல வெளிவேலை கூடாதுன்னு இருக்கான்னு எடுத்துப் படிங்க, அதுக்கு என்கிட்ட வழி இல்ல. ரிட்டன் போட்டு 30 நாளுக்குள்ள ஆதார் ஓடிபி வச்சு வெரிஃபை பண்ணிருங்க, இல்லனா போட்டும் போடாத கணக்குதான்.