எடை குறையும் காலத்தில் எந்த உடை உடுத்துவது?

கேள்வி: எனக்கு வயது 38. தலவாக்கலைக்கு அருகே ஒரு பாடசாலையில் ஆசிரியையாக இருக்கிறேன். உயரம் 158 செ.மீ. ஐந்து மாதங்களுக்கு முன் கொழும்பில் இரைப்பையைச் சிறிதாக்கும் ‘ஸ்லீவ்’ அறுவைச் சிகிச்சை செய்துகொண்டேன். அப்போது 112 கிலோ இருந்த எடை இப்போது 88. நீரிழிவு மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். பிரஷர் மாத்திரை தொடர்கிறது. இப்போது உடைதான் பெரும்பாடாக இருக்கிறது. பிளவுஸ்கள் தோளிலிருந்து நழுவுகின்றன. உள்பாவாடையை இறுக்கிக் கட்டி, ஊக்குக் குத்திச் சமாளிக்கிறேன். இரண்டு மாதங்களுக்கு முன் தைத்தவையும் தளர்ந்துவிட்டன. மார்புக்குக் கீழேயும் அடிவயிற்று மடிப்பிலும் அரிப்பு. முன்பு இல்லாத அளவுக்குக் குளிர்கிறது. கடைக்குப் போனால் இன்றும் என் கை பெரிய அளவையே எடுக்கிறது. மாமியாரோ, “இப்படி உருகிப் போய்விட்டாயே, ஏதாவது நோயா?” என்று வருவோர் போவோர் முன்னிலையில் கேட்கிறார். தை மாதம் நாத்தனார் மகளின் கல்யாணம் வேறு இருக்கிறது. புதிதாகத் தைப்பதா, எடை நிற்கும் வரை காத்திருப்பதா? இதை ஒரு வைத்தியரிடம் கேட்கலாமா?

பதில்:

அன்புள்ள டீச்சர்,

கட்டாயம் கேட்கலாம். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு என்ன சாப்பிடுவது, எந்த விட்டமின் எடுப்பது என்றெல்லாம் கிளினிக்கில் சொல்லி அனுப்புகிறார்கள். மாதாமாதம் அளவு மாறும் உடம்புக்கு என்ன உடுத்துவது என்று யாரும் சொல்வதில்லை. அரிப்பு, நாடா இறுக்கம், குளிர், மனச்சங்கடம் என்று நீங்கள் எழுதியிருக்கும் எல்லாமே உடையோடு சம்பந்தப்பட்டவை. ஆகவே என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எடை நிற்கும் வரை காத்திருக்காதீர்கள். இந்த மாதம் உங்களுக்கு இருக்கும் உடம்புக்குப் பொருந்தும் உடை இந்த மாதமே வேண்டும். அது உங்கள் சிகிச்சையின் ஒரு பகுதி. ஆனால் குறைவாகத் தையுங்கள், பிரித்துத் திருத்தக்கூடியதாகத் தையுங்கள்.

இன்னும் எவ்வளவு இளைப்பீர்கள் என்று தெரிந்தால் எவ்வளவு செலவழிக்கலாம் என்று கணக்குப் போடலாம். ‘ஸ்லீவ்’ சிகிச்சையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுகிறார்கள். முதல் ஆறு மாதங்களில் எடை வேகமாக இறங்கும், பிறகு மெதுவாகும், ஓர் ஆண்டுக்கும் ஒன்றரை ஆண்டுக்கும் இடையில் பெரும்பாலும் ஓரிடத்தில் நிற்கும். அதற்குள் சராசரியாகத் தொடக்க எடையில் 25 முதல் 30 சதவீதம் வரை குறைகிறது. 112 கிலோவுக்கு அது 28 முதல் 34 கிலோ. உங்களுக்கு ஏற்கெனவே 24 கிலோ போய்விட்டது. சராசரியைவிடக் கூடுதலாக இளைப்பவர்களும் உண்டு, குறைவாக இளைப்பவர்களும் உண்டு. என்றாலும் மிக வேகமான கட்டத்தை நீங்கள் அநேகமாகக் கடந்துவிட்டீர்கள். இனிமேல் தைப்பவை, இரண்டு மாதங்களுக்கு முன் தைத்தவற்றைவிட அதிக நாள் தாங்கும்.

நீங்கள் வேலைக்குச் சேலை உடுத்துபவர் என்பது நல்லதாகப் போயிற்று. சேலைக்கு அளவு கிடையாது. 112 கிலோவில் உடுத்திய அதே சேலையை 80 கிலோவிலும் உடுத்தலாம். மாற வேண்டியவை பிளவுஸும் உள்பாவாடையும் மட்டுமே. உங்கள் பெரும்பாலான சேலைகளோடு சேரக்கூடிய நிறங்களில் மூன்று பிளவுஸ் போதும். கறுப்பு, அரக்கு, சந்தன நிறம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பருத்தியாகவோ சற்று இழுபடும் துணியாகவோ இருக்கட்டும். தையல்காரரிடம் விஷயத்தைச் சொல்லுங்கள்: பக்கத் தையலைப் பிரித்துப் பிடிக்கச் சுலபமாகப் போடட்டும், கொக்கிகளுக்கு இரண்டு வரிசை வைக்கட்டும். ஆறு வாரங்களுக்கு ஒருமுறை கொண்டுபோய்ப் பிடித்துக்கொள்ளலாம். பக்கத்தில் எவ்வளவும் பிடிக்கலாம். தோளும் கழுத்தும் அகன்றுபோனால் பிடித்துச் சரிசெய்வது கடினம். தோள் நழுவத் தொடங்கிய பிளவுஸுக்கு மேலும் பணம் செலவழிக்காதீர்கள்.

உள்பாவாடையைப் பற்றி எனக்குக் கவலை அதிகம். இடுப்பு சிறுத்தால் சேலை உடம்பைச் சுற்ற எடுக்கும் துணி குறைந்து, மிச்சமெல்லாம் முன்கொசுவத்தில் சேர்கிறது. அந்தப் பாரம் கீழே இழுக்க, நீங்கள் நாடாவை மேலும் இறுக்குகிறீர்கள். ஒரே இடத்தில் நாளெல்லாம் இறுகும் நாடா தோலைக் கறுக்க வைக்கும், அரிக்கும், புண்ணாக்கும். அப்படிப்பட்ட புண் பல ஆண்டுகள் ஆறாமல் கிடந்து, மிக அரிதாகப் புற்றுநோயாக மாறியதை இந்திய வைத்தியர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். உங்களுக்கு அப்படி வரும் என்று பயமுறுத்தவில்லை. வழி சுலபமாக இருப்பதால் சொல்கிறேன். மெல்லிய கயிற்று நாடாவுக்குப் பதிலாக அகலமான பட்டியோ எலாஸ்டிக்கோ வைத்த, இப்போதைய இடுப்பளவுக்குத் தைத்த இரண்டு உள்பாவாடைகள் வாங்குங்கள். ‘ஸ்லீவ்’ செய்தவர்களுக்கு நெஞ்செரிச்சலும் புளித்த ஏப்பமும் வருவது சாதாரணம். வயிற்றை இறுக்கிக் கட்டினால் அது கூடும். சாப்பிட்ட பின் நெஞ்செரிச்சல் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் முதலில் நாடாவைத் தளர்த்திப் பாருங்கள்.

இதே காரணத்துக்காக வயிற்றுப் பெல்ட் வேண்டாம் என்கிறேன். “பெல்ட் போட்டால் தோல் தொங்காது” என்று யாராவது உங்களிடம் நிச்சயம் சொல்லியிருப்பார்கள். தொங்கும் தோலை எந்தப் பெல்ட்டாலும் சுருக்க முடியாது. வியர்வையை உள்ளேயே பிடித்துவைத்து அரிப்பைக் கூட்டத்தான் அது உதவும். கல்யாணத்தன்று சேலை அழகாக நிற்க வேண்டும் என்பதற்காக மென்மையான ஒன்றைச் சில மணி நேரம் போட்டுக்கொள்வதில் தவறில்லை. பந்தியில் உட்காரும்முன் கழற்றிவிடுங்கள். தோலை அகற்றும் அறுவைச் சிகிச்சை தேவைப்படுமா என்பதை இப்போது யோசிக்க வேண்டியதில்லை. எடை ஆறு மாதங்களாவது அசையாமல் நின்ற பிறகே அந்தப் பேச்சு.

இனி அரிப்பு. தோலோடு தோல் உரசி, ஈரம் தங்கி, அதில் பூஞ்சை வளர்கிறது. நம் மலைப்பக்கத்தில் மழைக்காலத்தில் கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் முழுதாகக் காயாது. தொட்டால் காய்ந்தது போலிருக்கும் பிரா, மடிப்பு மடிப்பாக ஈரத்தை வைத்திருக்கும். இருப்பது இரண்டே என்றால் அரைகுறையாகக் காய்ந்ததைத்தான் காலையில் போட வேண்டியிருக்கும். ஆகவே பணத்தைச் செலவழிக்க ஓர் இடம் உண்டென்றால் அது இதுதான்: இப்போதைய அளவில் நான்கு பருத்தி பிராக்கள். மார்பளவைப் புதிதாக எடுத்து வாங்குங்கள். தொளதொளத்த பிரா மார்பைத் தாங்காமல் அதன் கீழ்த்தோலை நாள் முழுவதும் உரசும். போடுமுன் இஸ்திரிப் பெட்டியால் ஒருமுறை தேய்த்துவிடுங்கள். எஞ்சிய ஈரம் போகும்.

குளித்தபின் மடிப்புகளைத் தேய்க்காமல் ஒற்றி ஒற்றித் துடையுங்கள். பழைய பருத்தி வேட்டித் துணியைப் பட்டையாகக் கிழித்து மடிப்புக்குள் வைத்து, நனைந்தால் மாற்றுங்கள். பவுடரை அள்ளிக் கொட்டாதீர்கள், வியர்வையில் கட்டிப்பட்டு உறுத்தும். பூஞ்சைக்கான களிம்பை வைத்தியரிடம் காட்டி வாங்குங்கள். பாமசியில் கேட்டவுடன் எடுத்துத் தரும் கலவைக் களிம்புகள் சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், இரண்டு வாரத்தில் படை பரவி நிற்கும். தோல் சிவந்து சூடாகிப் பரவினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்.

குளிர் விஷயத்தில் உங்கள் உடம்பு பொய் சொல்லவில்லை. தோலுக்கடியில் போர்வையாக இருந்த கொழுப்பு குறைந்துவிட்டது. குறைவாகச் சாப்பிடும் உடம்பு வெப்பத்தையும் குறைவாகவே உண்டாக்குகிறது. தை மாதத்தில் நுவரெலியாப் பக்கம் புல்லில் உறைபனி படியும் நாட்கள் வரும். தடித்த சுவெட்டர் ஒன்றை இப்போது விலை கொடுத்து வாங்கினால் ஆறு மாதத்தில் அது உங்களுக்குப் பெரிதாகிவிடும். உடம்போடு ஒட்டிய மெல்லிய உள்பனியன் ஒன்று, அதன்மேல் பிளவுஸ், மேலே முன்பக்கம் திறக்கும் கம்பளிச் சட்டை என்று அடுக்கிக்கொள்ளுங்கள். வகுப்பில் வெயில் ஏறினால் கழற்றலாம். கம்பளிச் சட்டைக்கு, குளிருடைகள் மலிவாகக் கிடைக்கும் நுவரெலியா பேல் பஜாரைப் பாருங்கள். சில மாதங்களுக்கு மட்டும் தேவைப்படும் உடைக்கு அது ஏற்ற இடம்.

ஆனால் எல்லாக் குளிரும் எடை குறைந்ததால் வருவதல்ல. இரும்புச் சத்துக் குறைவிலும் தைராய்டு குறைபாட்டிலும் குளிர் தாங்காது. இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், விட்டமின் பி12, தைராய்டு நான்கையும் பார்க்கச் சொல்லுங்கள். இரும்பு மாத்திரையைத் தேநீரோடு விழுங்கும் பழக்கம் நம் ஊரில் அதிகம். தேநீர், இரும்பை உடம்பு உறிஞ்சவிடாது. இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது இருக்கட்டும். கல்சியம் மாத்திரைக்கும் இதே இடைவெளி வேண்டும்.

காலணியை நீங்கள் குறிப்பிடவில்லை. பாதமும் இளைக்கும். பழைய செருப்பு பின்னால் இடம்விட்டு, இறக்கத்தில் கால் முன்னே சறுக்கும். பாசி பிடித்த படிகளில், கனத்த கொசுவத்தோடு, தளர்ந்த செருப்பில் இறங்குவது ஆபத்து. பின்பட்டி வைத்த, அடிப்பாகம் வழுக்காத ஒரு சோடி உடனே வாங்குங்கள். எழுந்து நிற்கும்போது தலை சுற்றுகிறதா என்றும் கவனியுங்கள். எடை இறங்க இறங்க இரத்த அழுத்தமும் இறங்கும். 112 கிலோவில் சரியாக இருந்த பிரஷர் மாத்திரை இப்போது கூடுதலாக இருக்கலாம். நீங்களாக நிறுத்தாமல், அழுத்தத்தை அளந்து வைத்தியரோடு பேசிக் குறையுங்கள். மோதிரம் நழுவினால் இப்போதைக்குக் கழற்றி வையுங்கள். பாதுகாப்பான இடத்தில் இருக்கட்டும்.

கடையில் உங்கள் கை பெரிய அளவுக்கே போவதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்த வரியில் நான் நெடுநேரம் நின்றேன். உடம்பு ஐந்து மாதத்தில் மாறிவிடும். மனதில் பதிந்த உருவம் அதே வேகத்தில் மாறாது. பஸ்ஸில் இன்னும் இருவர் இருக்கையில் தனியாக உட்கார இடம் தேடுவீர்கள்; ஒதுங்கத் தேவையில்லாத இடத்தில் ஒதுங்கி நிற்பீர்கள். இந்தச் சிகிச்சை செய்த பலருக்கும் இப்படித்தான். பழைய தொளதொள உடைக்குள்ளேயே இருந்தால் இந்தத் தடுமாற்றம் நீளும், ஏனென்றால் கண்ணாடியில் தெரிவதும் பழைய உருவமே. மாதத்தில் ஒரு நாள் மார்பு, இடுப்பு, இடுப்புக்குக் கீழ்ச் சுற்றளவு மூன்றையும் அளவு நாடாவால் அளந்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். கடைக்கு அந்தக் கொப்பியோடு போய், எழுதியிருக்கும் அளவைக் கேளுங்கள். இடையில் சில வாரங்கள் தராசு அசையாமல் நிற்கும். அப்போதும் சுற்றளவு குறைந்துகொண்டிருக்கலாம்; அந்த நாட்களில் மனதுக்குத் தெம்பு தருவது இந்தக் கொப்பிதான்.

மாமியார் கேட்பது அன்பினால் என்றே வைத்துக்கொள்வோம். நம் சனங்களுக்கு இளைப்பு என்றால் நோய், பட்டினி. அந்த நினைவு பழையது. ஆனாலும் வருவோர் முன்னிலையில் உங்கள் உடம்பைப் பற்றிப் பேச யாருக்கும் உரிமையில்லை. “அத்தை, வைத்தியர்தான் இளைக்கச் சொன்னார். சீனி மாத்திரையையும் நிறுத்திவிட்டார்கள்” என்று ஒரே பதிலை ஒவ்வொரு முறையும் அமைதியாகச் சொல்லுங்கள். முடியுமானால் அடுத்த கிளினிக்குக்கு அவரையும் அழைத்துப் போங்கள். இதையெல்லாம் தாண்டி மனம் சோர்ந்து, தூக்கமும் வேலையில் பிடிப்பும் போனால் அதைக் கட்டாயம் வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

மிகப் பெரிதாகிவிட்ட உடைகளைக் கொடுத்துவிடுங்கள். இப்போதைய அளவுக்கு ஒரு படி மேலான இரண்டை மட்டும் வைத்திருங்கள். இரண்டாம் ஆண்டுக்குப் பிறகு சில கிலோ திரும்பி ஏறுவது சாதாரணம். அன்று அவற்றை எடுத்து உடுத்துவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்கள் கூறைச் சேலையின் பிளவுஸில் மட்டும் இப்போது கை வைக்காதீர்கள். எடை நின்றபின் திருத்தலாம். கல்யாணத்துக்கு ஏற்கெனவே இருக்கும் பட்டுச் சேலையையே உடுத்துங்கள். பிளவுஸுக்குத் துணியை முன்கூட்டியே கொடுத்துவைத்து, அளவைக் கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு கொடுங்கள். சீசன் நேரம் என்று தையல்காரர் மறுத்தால், முன்பே தைத்துவிட்டுக் கடைசித் தையலை மட்டும் அந்த வாரத்துக்கு விட்டுவைக்கச் சொல்லுங்கள்.

உடை தளர்வது எப்போதும் நல்ல செய்தியல்ல. அடிக்கடி வாந்தி, தண்ணீர்கூட இறங்காமை, பாதத்தில் மரத்துப்போதல், நடையில் தள்ளாட்டம் இவற்றோடு எடை இறங்கினால் அது விட்டமின் பி1 குறைபாடாக இருக்கலாம். ஒரு நாளும் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள். கையும் தொடையும் மட்டும் சூம்பி, படி ஏறச் சோர்வாக இருந்தால் தசை கரைகிறது; நாளுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் கிடைக்கிறதா என்று பாருங்கள். ஒரு முட்டையில் இருப்பது சுமார் ஆறு கிராம்தான்; பருப்பு, நெத்தலி, டின் மீன், கடலை எல்லாம் சேர்ந்தால்தான் கணக்கு நிறையும்.

உங்களுக்கு ஆறாம் மாதப் பரிசோதனை நெருங்கியிருக்கும். அளவுக் கொப்பி, சாப்பிடும் மாத்திரைகள், இரத்த அழுத்த அளவுகள் மூன்றையும் கொண்டுபோங்கள். அரிப்பு இருக்கும் இடத்தையும் நாடாத் தழும்பையும் வைத்தியருக்குக் காட்டத் தயங்காதீர்கள். தனியாகக் காட்ட வேண்டுமென்றால் பெண் தாதி ஒருவரை உடன் இருக்கச் சொல்லிக் கேட்கலாம்.