பால்வாடி எத்தனை மணி வரை?

வணக்கம் ஐயா,

போன மாதம் நாங்கள் ஆறு பேர் சேர்ந்து, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் ஒரு மனு கொடுத்தோம். பால்வாடியை மாலை ஆறு மணி வரை திறந்து வைக்க வேண்டும், கைக்குழந்தைகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டிருந்தோம். ரசீது தந்தார்கள், அதோடு சரி. ஊரிலோ, "பிள்ளையப் பாத்துக்கிறது வீட்டு வேலை, அதுக்கு எதுக்கு கவர்மெண்டு?" என்கிறார்கள். குழந்தைகளுக்காக அரசின் கொள்கையை மாற்றச் சொல்லிக் கேட்பதில் பலன் உண்டா?

க., திண்டுக்கல் மாவட்டம்

அன்புள்ள க.,

முதலில் ஊரார் கேள்விக்கு வருகிறேன். என் அம்மா களையெடுக்கப் போகும் நாட்களில் அக்கா பள்ளிக்கூடம் போகமாட்டாள். என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு வரப்பு வரைக்கும் நடப்பாள். அம்மா கையைக் கழுவிவிட்டு வந்து பால் கொடுப்பாள். அக்கா திரும்பவும் என்னைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவாள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. நான்காம் வகுப்போடு படிப்பு நின்றது. வீட்டு வேலை என்று சொல்கிறவர்களிடம், வீட்டில் யாருடைய வேலை என்று கேட்டுப் பாருங்கள். பாட்டி இருந்தால் பாட்டி. இல்லையென்றால் மூத்த பெண் பிள்ளை. இன்றும் பல ஊர்களில் இதுதான் நிலைமை.

கேட்டால் நடக்குமா? பால்வாடியே அப்படிக் கேட்டு வந்ததுதான். பள்ளி வயதுக்கு முந்தைய குழந்தைகளுக்கு என்ன செய்யலாம் என்று ஆராய்ந்த குழுவுக்கு மினா சுவாமிநாதன் தலைமை தாங்கினார். 1972இல் அறிக்கை வந்தது. 1975 அக்டோபர் 2 அன்று, இன்று பால்வாடி என்கிற அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாடு முழுக்க வெறும் 33 வட்டாரங்களில் தொடங்கியது. அப்புறம் 2001இல் உணவு உரிமை வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அந்த வழக்கில் 2006 டிசம்பரில் வந்த உத்தரவு ஒன்றை நீங்கள் மனப்பாடம் செய்யலாம்: ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகளாவது இருந்து, அங்கன்வாடி இல்லாத குடியிருப்பு கேட்டால், மூன்று மாதத்துக்குள் அங்கே அங்கன்வாடி அமைக்க வேண்டும்.

40 குழந்தை, மூன்று மாதம். எத்தனை பேருக்கு, எவ்வளவு நாளைக்குள் என்று எண்ணிக்கையோடு நிற்கும் கோரிக்கையை அதிகாரி சும்மா கட்டி வைக்க முடியாது. உங்கள் மனுவில் அது இருந்ததா? ஊரில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் எத்தனை, அவர்களில் எத்தனை பேரின் அம்மாக்கள் வேலைக்குப் போகிறார்கள், எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்குத் திரும்புகிறார்கள், அதுவரை பிள்ளை யார் கையில் இருக்கிறது? வீடு வீடாகப் போய் இதை எழுதுங்கள். "அக்கா பார்த்துக்கொள்கிறாள்" என்று வரும் வீடுகளைத் தனியாகக் குறித்து, அந்த அக்காவின் பள்ளி வருகைப் பதிவையும் கேளுங்கள். அதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியாது.

இன்னொன்று, கலெக்டரால் பால்வாடி நேரத்தை மாற்ற முடியாது. அது சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறையிலிருந்து அரசாணையாக வர வேண்டும். அதனால் சட்டமன்றத்தில் அந்தத் துறையின் மானியக் கோரிக்கை, அதாவது துறைக்கான நிதி ஒதுக்கீடு, விவாதத்துக்கு வருவதற்கு முன்பே உங்கள் எம்எல்ஏ கையில் இந்தக் கணக்கு இருக்க வேண்டும். கிராம சபைத் தீர்மானத்தையும் கூடவே இணைத்துவிடுங்கள்.

பக்கத்து மாநிலத்தையும் உதாரணம் காட்டலாம். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களின் குழந்தைகளுக்காக 4,000 ஊராட்சிகளில் 'கூசின மனெ' என்று காப்பகம் அமைப்பதாகக் கர்நாடக அரசு 2023இல் அறிவித்தது. குழந்தை வீடு என்று அர்த்தம். நூறு நாள் வேலைச் சட்டத்திலேயே, வேலை நடக்கும் இடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து குழந்தைகள் இருந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்த வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். நான் பார்த்த ஒரு கண்மாய் வேலையில் கருவேல மரத்தில் மூன்று தூளி தொங்கியது. ஒரு தூளிக்கடியில் எறும்புச் சாரை. அதை ஒரு கிழவி வேப்பங்குழையால் தட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு வருகைப் பதிவேட்டில் பெயரும் இல்லை, கூலியும் இல்லை.

அந்தக் கிழவியை நினைத்துத்தான் இதையும் சொல்கிறேன். பால்வாடி ஆறு மணி வரை என்று கேட்கும்போது, அந்த டீச்சருக்கும் ஆயாம்மாவுக்கும் கூடுதல் நேரத்துக்கான சம்பளத்தையும், கைக்குழந்தைகளுக்கென்று இன்னொரு ஆளையும் அதே மனுவில் கேளுங்கள். அவர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். கையெழுத்து வாங்கும்போது முதலில் அவர்களிடம் போங்கள். குழந்தைகள் விவரம் இருக்கும் பதிவேடும் அவர்களிடம்தான் இருக்கிறது, உங்களுக்குப் பாதி வேலை மிச்சம்.

கணக்கெடுப்பு முடிந்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.